மீட்டுப் பார்த்த வாரம்

திங்கள்

நூலகத்தின் இரவல் பதிவுகளெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால் பேக்கப் கற்கத் தொடங்கினேன். பிஜி-டம்ப் கட்டளையை ஓட்டினால் எல்லா டேபிள்களும் ஒரே கோப்பில் வந்துவிடுகின்றன. அது ஓடும் நேரத்தில் யாராவது புத்தகம் எடுத்தாலும், தொடங்கிய நொடியில் இருந்த நிலைதான் கோப்பில் பதிவாகும். கவுன்ட்டரில் வேலையும் நிற்காது. அழகான ஏற்பாடு.

செவ்வாய்

கோப்பை வேறொரு வெற்று சர்வரில் ரெஸ்டோர் செய்தேன். தரவு வந்தது, கூடவே, இன்ன பயனர் இல்லை என்று வரிசையாகப் பிழைச் செய்திகளும் வந்தன. பயனர் கணக்குகள் சர்வர் முழுமைக்கும் பொதுவானவை. அவற்றை பிஜி-டம்ப்-ஆல் கொண்டு தனியாக எடுக்க வேண்டும். இண்டெக்ஸ்களின் வரையறை மட்டும்தான் கோப்பில் இருக்கிறது. ஏற்றும்போது ஒவ்வொன்றும் புதிதாகக் கட்டப்படுகிறது. எடுத்ததைவிட ஏற்ற அதிக நேரம் பிடித்தது அதனால்தான். பாடங்கள் பேக்கப்பில் தொடங்கி ரெஸ்டோரில் முடிகின்றன. தலைகீழாகக் கற்பிக்க வேண்டும் என்பேன்.

புதன்

மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்ததை, அவர்களே வெளியிட்ட அறிக்கையில் வெகுநேரம் படித்தேன். துணை சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையைப் பொறியாளர் ஒருவர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபி எஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் சேமிப்பகம் காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஓடிய பிஜி-டம்ப்போ 9.2. பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் முறையான கையொப்பம் இல்லாததால் ஏற்கப்படவில்லை. சோதனைச் சூழலுக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பதிந்தவை போனவை போனவைதான். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். இவ்வளவையும் மறைக்காமல் எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை.

வெள்ளி

இரவில் ஒருமுறை எடுக்கும் டம்ப் மட்டும் இருந்தால் பகல் முழுவதும் பாதுகாப்பில்லை. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் டபிள்யூ.ஏ.எல். என்ற பதிவேட்டில் எழுதிவிடுகிறது. அதன் கோப்பு ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி. பிஜி-பேஸ்பேக்கப் எடுத்த முழு நகலின்மேல் இவற்றை வரிசையாக ஓட்டி, வேண்டிய நிமிடத்தில் நிறுத்தலாம். பயிற்சி சர்வரில் உறுப்பினர் டேபிளை 11:42க்கு வேண்டுமென்றே நீக்கிவிட்டு 11:41க்குத் திரும்பினேன். அத்தனை பேரும் இருந்தார்கள். முதன்மையின் மாற்றங்களை அப்படியே பின்பற்றும் துணை சர்வர் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். நீக்கிய டேபிள் அங்கேயும் உடனே மறைந்திருந்தது.

ஞாயிறு

நாளை நூலகர் அம்மாவிடம் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரப் பதிவு போனால் சமாளிக்கலாம்? ஒரு நாள் என்றால் இரவு டம்ப் போதும். பத்து நிமிடம் என்றால் டபிள்யூ.ஏ.எல். கோப்புகளை வேறு கட்டடத்துக்கு உடனுக்குடன் அனுப்ப வேண்டும். எங்கள் நூலகத்தில் கூட்டம் குறைவு. கோப்பு நிறைந்த பின்தான் அனுப்பப்படும். 16 எம்பி நிறையப் பல மணி நேரம் ஆகும். நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் கோப்பை மாற்றும்படி ஆர்கைவ் டைம்அவுட்டை அமைத்தாக வேண்டும்.