கரமனையில் கேட்ட இசை

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, நாகர்கோவில் செல்லும் சாலையில் சிறிது தூரம் போனால் கரமனை ஆறு குறுக்கிடும். அதன் அருகில், ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கும் வீடுகளைக் கொண்ட அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் தெருக்கள் அவை. உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு வந்திருக்கும் நம்மைப் போலவே, அவர்களின் முன்னோரும் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்கியவர்களே. சென்ற நவராத்திரிக்கு நாம் ரயில்வே பாஸில் அங்கே சென்று, பெரியப்பாவின் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தோம்.

சங்கீதம் இவ்வூருக்குப் புதிதன்று. வடிவீசுவரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) இயற்றிய பக்திப் பாடல்கள் இப்பகுதி மக்களின் நாவில் இன்றும் உள்ளன. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்த பாபநாசம் சிவன் (1890–1973) அவருடைய பஜனைகளால் ஆட்கொள்ளப்பட்டவர். செம்மங்குடி சீனிவாசய்யரோ இந்நகரின் சங்கீதக் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர். இத்தகைய ஊரில், வீட்டுக் கூடத்தையே கச்சேரி மண்டபமாக்கிக் கொண்ட ரசிகர்கள் தோன்றியதில் வியப்பில்லை.

நம் பெரியப்பா அவர்களுள் ஒருவர். கூடத்தின் ஒரு மூலையில் தட்டு சுழலும் பெட்டியும், வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயரும், தேக்குப் பலகையில் செய்த இரண்டு ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. வால்வுகள் சூடேறும் வரையில் அவர் பொறுமையாகக் காத்திருப்பார். தட்டை விளிம்பில் மட்டுமே பிடித்து, மெல்லிய துணியால் தூசி துடைத்து, ஊசியைப் பூப்போல இறக்குவார். பிறகு இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சமதூரத்தில் உள்ள சாய்வு நாற்காலியில் அமர்வார். அப்போது யார் வந்தாலும், “உட்கார். பக்கம் முடியட்டும், பிறகு பேசலாம்” என்பதே வரவேற்பு.

‘பக்கம்’ என்ற அச்சொல்லில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடமே இடம் இருந்தது. மகா வித்வான்களும் ஆலாபனையைச் சுருக்கிப் பாட வேண்டியதாயிற்று. 1948இல் அமெரிக்காவில் நீள்தட்டு வந்தபின், ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பாட முடிந்தது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் அவ்வகைத் தட்டாக வெளிவந்து, தென்னாட்டு வீடுகளின் விடியற்காலையையே மாற்றிவிட்டது. அதே 1963இல் ஐரோப்பாவில் அறிமுகமான காஸெட், பின்னாளில் தட்டை அலமாரிக்கு அனுப்பியது. 1980இல் யேசுதாஸ் இந்நகரிலேயே தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கிக் காஸெட்டுகளை வெளியிட்டார். இன்றோ பாட்டுக்குப் பக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

கேரளத்து மழைக்காலம் தட்டுகளுக்குப் பகை. இடவப்பாதி தொடங்கினால் ஈரத்தில் பூஞ்சணம் படரும். பெரியப்பா அவற்றை இளம் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வளையாதபடி நிறுத்தி அடுக்குவார். “கருவியைக் கேட்கிறவன் ஒரு ஜாதி, பாட்டைக் கேட்கிறவன் ஒரு ஜாதி. முதலாமவன் தம்புரா நாதம் சுத்தமாக வருகிறதா என்று பார்ப்பான். இரண்டாமவன் தம்புராவையே மறந்துவிடுவான். நான் முதலாமவனாகத் தொடங்கினேன்” என்று அவர் சிரித்தார்.

இங்கே நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அவர் வெளியே சென்றிருந்த சமயம், செம்மங்குடி பாடிய நீள்தட்டு ஒன்றை நாமே சுழலவிட முயன்று, ஊசியை இழுத்துக் கீறிவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கீறல் நம் நெஞ்சிலும் இருந்தது.

இம்முறை அவர் அதே தட்டை எடுத்தபோது நமக்கு வியர்த்தது. ஊசி அவ்விடத்துக்கு வந்ததும் ‘சடசட’வென்ற ஓசை கூடத்தில் நன்றாகவே கேட்டது. பெரியப்பா கண்மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கம் முடிந்ததும் உண்மையைச் சொன்னோம். அவர் சற்றும் திகைக்கவில்லை. “அன்றைக்கே தெரியும்டா. நீ தொட்ட கை இனிப் பாட்டையே தொடாமல் போய்விடுமோ என்றுதான் கேட்கவில்லை” என்றவர், சிறிது நேரம் கழித்து, “இப்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதும் இல்லை” என்றார். வயது முதிர்ந்தால் காது முதலில் இழப்பது மேல்ஸ்தாயி நுண்ணொலிகளையே. ஆம்ப்ளிஃபயரின் குமிழ் ஒன்று கடைசிவரை திருகப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். தம்புராவின் ரீங்காரமும் அவருக்கு முன்போல் எட்டாது என்பது புரிந்தது. ஒலியின் சுத்தத்துக்காக ஆயுளெல்லாம் உழைத்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவர் தட்டுப் பெட்டியை மூடிவிட்டு வானொலியைத் திருப்பினார். 1943இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950இல் அகில இந்திய வானொலியின் வசமான நிலையம் அது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் நடைபெறும் கச்சேரியை அது நேரடியாக ஒலிபரப்பியது. அங்கே ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகள், நாளுக்கு ஒரு ராகமாக, சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் நிறைவுறும். கைதட்டும் வழக்கம் இல்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும் வரையில் அம்மேடையில் பெண்குரல் ஒலித்ததும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியும், பால்காரரும், இரண்டு சிறுவர்களும் வந்து அமர்ந்தனர். பெரியப்பாவுக்கு எட்டாத நுணுக்கம் வந்தபோதெல்லாம் பாட்டி அவருடைய முழங்கையை மெல்லத் தொட்டார், அவர் தலையசைத்தார். ஒருவர் காதை மற்றவர் கடன் வாங்கிக் கேட்ட கச்சேரி அது!

நம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஆளுக்கொரு கைப்பேசியும் காதில் செருகும் கருவியும் வந்துவிட்டன. ஒலி சுத்தமே, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு அதில் பங்கில்லை. ஊர் திரும்பிய பின், வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பாட்டுக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் நம் மகன் நடுவில் எழுந்து ஓடினான். சென்ற வாரம், வாசலில் அழைத்த தபால்காரரிடம், “பாட்டு முடியட்டும்” என்று அவனே சொன்னான்.