இறுகிய வளையல்

ஏழாம் மாத வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள், கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடும். 35-வது வாரத்தில் அவை மணிக்கட்டை விட்டு நகரவே இல்லை. அதை அவளும் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வளைகாப்பு முடிந்த கையோடு கோவில்பட்டி பக்கம் உள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே! பிக்மி நம்பர் எழுதிய அட்டையும், ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தன.

ஏழாம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஒன்பதாம் மாதம் பிறந்தால் வாரா வாரம். போனால் ஒவ்வொரு முறையும் அதே வேலைதான். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சின்ன டப்பாவில் யூரின் கேட்பார்கள், வயிற்றை அளந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார்கள். அந்த 'டப் டப்' சத்தம் ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. மற்றதற்கெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வெயிலில் போய், வரிசையில் உட்கார வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது.

அந்த வாரம் காலும் வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லை.

"தலைப்பிள்ளைக்குக் கால் வீங்கத்தான் செய்யும். இது நீர்தான்" என்று அம்மா பார்லி தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு நாளாகத் தலைவலி வேறு. வெயில் சூடு என்று அவளே முடிவு செய்துகொண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. போன முறைதான் எல்லாம் சரியாக இருந்ததே, இந்த ஒரு தடவை போகாவிட்டால் என்ன?

குறித்த தேதி தாண்டி இரண்டாம் நாள், கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, உன்னைக் காணோமே?" என்றபடி அவள் கையைப் பிடித்தவர், வளையலை மேலே தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"கால் வீங்குறது சரி. கையும் மூஞ்சியும் எப்போலருந்து வீங்குது? கிளம்பு, இப்பவே போகலாம்."

சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் இரண்டரை கிலோ கூடியிருந்தது. போன முறை 110/70 இருந்த பிரஷர், இப்போது 146/94. பதற்றத்தில் கூடியிருக்கும் என்று கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். குறையவில்லை. யூரினில் புரதம் இறங்கியிருந்தது.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்கலா தெரியுதா? நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தலைவலி மட்டும்... ரெண்டு நாளா" என்றாள் மெதுவாக. அம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

டாக்டரம்மா விளக்கினார். கர்ப்ப காலத்தில் பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அதோடு புரதமும் சேர்ந்து இறங்கினால், கர்ப்பிணியின் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று எதையும் அது பாதிக்கலாம். நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். முற்றினால் வலிப்பு வரும். "பழைய ஆளுங்க ஜன்னின்னு சொல்வாங்களே, அதுதான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய சின்ன வயதில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒன்பதாம் மாதம் ஜன்னி கண்டு, வண்டி கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றுதான் அன்று ஊர் பேசியது.

"பார்லி தண்ணி கொடுத்தேனே டாக்டர்..." என்றார் குரல் கம்ம.

"கொடுத்தது தப்பில்லம்மா. ஆனா பார்லி தண்ணி பிரஷரைக் காட்டாதுல்ல. அதுக்கு இந்த மெஷின்தான் வேணும்."

முதல் மாத்திரையை அங்கேயே கொடுத்து, 108 ஆம்புலன்ஸில் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வார்டில் வளையலைக் கழற்றச் சொன்னபோது, உடைக்கக் கூடாது என்று அம்மா மன்றாடினார். நர்ஸ் சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கொடுத்தார். ஒன்றுகூட உடையவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரிதான். அடிக்கடி பிரஷர், ரத்தப் பரிசோதனை, குழந்தையின் துடிப்பைப் பதியும் பரிசோதனை. 'போய்விட்டு வந்தால் போச்சு' என்று அவள் அலுத்துக்கொண்ட அதே சோதனைகள். இப்போது ஒவ்வொரு எண்ணையும் அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். அசைவு குறைந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதனால் சாப்பிட்டதும் இடது பக்கம் சாய்ந்து படுத்து, குழந்தையின் உதைகளை விரல்விட்டு எண்ணினாள். பத்து வந்ததும்தான் மூச்சு விடுவாள். திருப்பூரிலிருந்து கணவர் தினமும் போனில் முதலில் கேட்டது, "இன்னைக்கு பிரஷர் எவ்வளவு?"

37 வாரம் முடிந்ததும், இனி காத்திருப்பது நல்லதல்ல என்று வலி வர மருந்து கொடுத்தார்கள். மறுநாள் விடிகாலையில் பெண் குழந்தை பிறந்தது. 2 கிலோ 450 கிராம். வீல் என்று ஒரு அழுகை! வெளியில் நின்ற அம்மாவும் சேர்ந்து அழுதார். பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறலாம் என்பதால், இன்னும் சில நாள் வைத்திருந்து பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் செவிலியர் குழந்தையைப் பார்க்க வந்தார். வளைகாப்பு வளையல்களைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கொடுப்பது அந்த வீட்டுப் பழக்கம். அம்மா மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் வைத்து நீட்டினார்.

"நான் பிரசவம் பார்க்கலியேம்மா" என்று செவிலியர் சிரித்தார்.

"நீங்க அன்னைக்கு வந்து பார்க்கலைன்னா, பிரசவமே பார்த்திருக்க முடியாது தாயி."

செவிலியர் இரண்டு வளையல்களை மட்டும் எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து கருவியை எடுத்து அவளுக்குப் பிரஷர் பார்த்தார். 120/80. அட்டையில் ஒன்றரை மாதத் தடுப்பூசித் தேதியைக் குறித்துவிட்டு, "இந்தத் தடவையாவது நான் தேடி வராம, நீயே வந்துருவியா?" என்றார்.

"ஒரு நாள் முன்னாடியே வந்துருவேன்க்கா" என்றாள் அவள்.