கொடியின் பேரா, மண்ணின் பேரா?

போன வருஷம் ரெண்டு வாரம் ஆணி பிடுங்க ஸ்லோவேனியா போயிருந்தேன். இத்தாலிக்குக் கிழக்கே இருக்கும் குட்டி நாடு. மொத்த ஜனத்தொகையே சுமார் 21 லட்சம்தான், நம்ம புனேயை விடக் கம்மி.

கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு சண்டை. ஸ்கூல் ஃபார்மில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் என் பொண்ணு 'புனே' என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு 'கம்பம்' என்று எழுதினேன். "அது உங்க ஊருப்பா. நான் அங்க வருஷத்துக்குப் பத்து நாள்தானே இருக்கேன்?" என்றாள். தங்கமணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் பேசாமலே ஃப்ளைட் ஏறிவிட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். அங்கே கூட வேலை பார்ப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலேன்ஸ்கா பகுதியில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெரியவர் ஊற்றிக் கொடுத்தது த்ஸ்விச்செக். சிவப்புத் திராட்சை ஒயினையும் வெள்ளைத் திராட்சை ஒயினையும் கலந்து செய்வது. ஜாமெத்தோவ்கா என்ற சிவப்பு வகைதான் அதில் முக்கியம். ஆல்கஹால் 10 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு வாய் குடித்தேன். நம்ம ஊர் புளிச்ச மோர் ஞாபகம்தான் வந்தது :-)

அப்புறம் பேச்சு 'தேரான்' பக்கம் திரும்பியது. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது! இத்தாலி எல்லையை ஒட்டி கிராஸ் என்று ஒரு சுண்ணாம்புக்கல் பீடபூமி இருக்கிறது. அங்கே இரும்புச்சத்துள்ள செம்மண்ணில் ரெஃபோஷ்க் திராட்சை விளைந்தால்தான் அந்த ஒயினுக்குப் பேர் தேரான். அதே திராட்சை கடலோரத்தில் விளைந்தால் வெறும் ரெஃபோஷ்க். பேர் மண்ணுக்குச் சொந்தம் என்பது இவர்கள் கட்சி. பக்கத்து நாடான குரோஷியாவின் இஸ்திரியாவிலோ கொடிக்கே தேரான் என்றுதான் பேர். எங்கே நட்டாலும் அது தேரான்தானே என்பது அவர்கள் கட்சி.

2017ல் ஐரோப்பிய ஆணையம் குரோஷியர்களும் லேபிளில் தேரான் என்று போட்டுக்கொள்ள அனுமதித்தது. ஸ்லோவேனியா கோர்ட்டுக்குப் போய் 2020ல் தோற்றது. ஆனால் அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. லேபிளில் 'குரோஷிய இஸ்திரியா' என்ற ஊர்ப் பேரும் கூடவே இருக்கணும். தேரான் என்ற எழுத்து அதைவிடச் சின்னதாக இருக்கணும்.

ராத்திரி ரூமில் தூக்கம் வரவில்லை. எங்க கம்பத்துப் பன்னீர் திராட்சையே வெளிநாட்டிலிருந்து வந்த மஸ்கட் ஹாம்பர்க் வகைதானே? 2023ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் முழுக்கப் பெருமைப்பட்டோம். நானும்தான். மண்ணுக்கு அங்கே ஒரு நியாயம், என் பொண்ணுக்கு வேற நியாயமா?

திரும்பி வந்ததும் புது ஃபார்ம் ஒன்று வாங்கி அவளிடம் கொடுத்தேன். 'புனே' என்று பெரிதாக எழுதினாள். பக்கத்தில் நான் 'கம்பம்' என்று எழுதினேன்.

"ஏம்ப்பா இவ்ளோ சின்னதா?"

"கோர்ட் ஆர்டர்டா கண்ணு" என்றேன்.