கண்டிக்கோட்டையில் உட்கார்ந்து இறங்கிய கதை

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அங்கே கேள்விப்பட்ட தவேர்னியே என்ற வைர வியாபாரியின் பெயர் மட்டும் ஏனோ மறக்கவில்லை. 1652-ல் அவர் மீர் ஜும்லாவைச் சந்திக்கப் போன இடம் கடப்பை மாவட்டத்துக் கண்டிக்கோட்டை. இதைப் பேரனிடம் சொன்னது என் தப்பு. பனியன் கம்பெனிக்கு நாலு நாள் லீவு விட்டதும் காரில் ஏற்றிவிட்டான்.

"மேலே நின்னு பாருங்க. கீழே இறங்கிடாதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பினாள். முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். தலையாட்டினேன்.

மாதவராயர் கோயில், மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் பார்த்துவிட்டு விளிம்புக்கு வந்தோம். சுமார் 300 அடிக்குக் கீழே வடபெண்ணை. நம் தென்பெண்ணையும் இதுவும் நந்தி மலைப் பக்கம் பிறந்தவைதான். தெற்கே வந்தது இப்படி மலையை அறுக்கவில்லை.

"ஒரு பத்தடி இறங்கிப் பாக்கலாமுங்களா அப்புச்சி?"

இறங்கினேன். மணற்பாறை இறுகிக் குவார்ட்சைட் ஆன பாறை அது. அடுக்கடுக்காகவும் செங்குத்தாகவும் வெடித்து, பீரோக்களைக் கவிழ்த்த மாதிரிக் கிடக்கிறது. ஒவ்வொரு படியும் இடுப்பு உயரம். பாறைப் பக்கம் திரும்பி இறங்கினால் கால் வைக்கும் இடம் தெரியாது. வெளியே பார்த்து இறங்கினால் ஆழம் தெரியும். நாலாவது பாறையில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. மேலே ஏறவும் முடியவில்லை. வாய் வறண்டுவிட்டது, பேரனிடம் அதைச் சொல்ல வெட்கம்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே ஓர் ஆள் உயரத்தில் அகலமான திட்டு. அதன் வழியே நடந்தால் மேலே ஏற ஒரு சந்து இருந்தது. அவன் முதலில் குதித்து நின்றான். "உக்காந்துக்கிட்டே வாங்க. என் தோள்ல காலை வைங்க."

பேரப்பிள்ளை மேல் காலை வைப்பதா? கொஞ்ச நேரம் வைக்கவே இல்லை. பிறகு வைத்தேன். அவன் தோள் துளிகூட அசையவில்லை. பாறையை உரசிக்கொண்டு இறங்கி, திட்டில் நடந்து, சந்து வழியாகத் தவழ்ந்து மேலே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் பேசிவைத்தோம்.

மறுநாள் துணி துவைக்கப் போட்ட மனைவி, என் டிராக் பேண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பேரன் கம்பெனியில் எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்தது, நல்ல கனமான துணி. பின்பக்கம் சல்லடை. திருப்பூருக்கு வந்து இத்தனை வருஷத்தில் எந்தத் துணி எவ்வளவு தாங்கும் என்று அவளுக்கு அத்துப்படி. என்னை ஒன்றும் கேட்கவில்லை. பேரனைத்தான் கூப்பிட்டாள்.