நம் முகச் சாயலில் ஓர் அன்னை

செஞ்சி வட்டாரத்தில் பனமலை என்றொரு சிற்றூர் உண்டு. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவில் அங்குள்ள குன்றின்மேல் நிற்கின்றது. அதன் சுவரில் ஓர் ஓவியம். பெரும்பகுதி அழிந்துபோயினும், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் உருவம் இன்றும் கண்ணுக்குப் புலப்படும். அச்சுற்றுப்புறத்துக் கிளைக்கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்றச் செல்லும்போதெல்லாம் அக்குன்றைக் கடந்தே சென்றிருக்கிறோம். எனினும் அவ்வோவியம் நமக்கு எதையும் உணர்த்தியதில்லை. அதனை உணர்த்துவதற்கு ஒரு மூதாட்டியும் ஒரு திருயாத்திரையும் தேவைப்பட்டன.

அக்கிராமங்களுள் ஒன்றில் ஓட்டுக்கூரை வேய்ந்த சிறு கோவில் ஒன்றுண்டு. அதன் பீடத்தில் பல தலைமுறைகளாகத் தேவமாதாவின் மரச்சுரூபம் ஒன்று இருந்து வந்தது. சேலை உடுத்திய உருவம். எண்ணெய்ப் புகையும் மெழுகுதிரிப் புகையும் படிந்து கறுத்துவிட்டது. ஒரு கைவிரல்கள் உடைந்திருந்தன. அயல்நாட்டில் வேலை பார்க்கும் அவ்வூர் இளைஞர் ஒருவர், தம் நேர்ச்சையாகப் புதிய பிளாஸ்டர் சுரூபம் ஒன்றை வாங்கி அனுப்பினார். வெண்ணிற முகம், நீலப் போர்வை, பொன்முடி. நாம் மகிழ்ந்து அதனை மந்திரித்துப் பீடத்தில் ஏற்றினோம். பழைய சுரூபத்தைத் துணியில் சுற்றிச் சக்கிறீஸ்தில் அலமாரியின்மேல் வைக்கச் சொன்னோம். ஊராரைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த மாதம் சென்றபோது, செபமாலை நேரத்தில் மூதாட்டி ஒருவர் மட்டும் கோவிலுக்குள் வராமல், சக்கிறீஸ்தின் சன்னலருகே வெளியே மண்ணில் முழந்தாளிட்டிருந்தார். "ஏன் பாட்டி, உள்ளே வரலாகாதா?" என்று வினவினோம். "அந்தம்மா அழகாத்தான் இருக்காங்க சாமி. ஆனா எங்கம்மா இங்கதானே இருக்காங்க?" என்றார். "பாட்டி, இரண்டும் ஒரே மாதாதான், சுரூபத்தையா நாம் வணங்குகிறோம்?" என்று, குருமடத்தில் கற்ற பாடத்தை ஒப்பித்தோம். அவர் மறுத்துப் பேசவில்லை. எழுந்து உள்ளே வரவும் இல்லை.

தை மாதத்தில் அவ்வூர் மக்களுடன் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குத் திருயாத்திரை புறப்பட்டோம். விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக விருத்தாசலம் வட்டாரத்தை நோக்கிச் சென்ற பேருந்தில் அம்மூதாட்டியும் இருந்தார். வழியில் அத்தலத்தின் வரலாற்றை மக்களுக்கு எடுத்துரைத்தோம். அதனை வாசகர்களுக்கும் சுருக்கமாகக் கூறுவோம்.

இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியாவுக்கு வந்த இயேசு சபைக் குரு கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி அடிகளாரே நம் வீரமாமுனிவர். அவர் தம்முடன் கொணர்ந்த மாதா சுரூபம் இப்பகுதியில் காணாமற்போயிற்று என்றும், அது முகாசாபரூர்க் கச்சிராயர் கைக்குக் கிட்டியது என்றும், பிள்ளைப்பேறின்றி வருந்திய அவர் அன்னையை வேண்டி மகப்பேறு பெற்றார் என்றும், அந்நன்றியாலேயே இங்கே கோவில் எழுந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கச்சிராயர் கிறிஸ்தவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் முனிவர் செய்ததே நம் சிந்தனைக்குரியது. தமிழ்ப் பெண்ணைப்போலச் சேலை உடுத்திக் குழந்தையை ஏந்திய மாதாவின் உருவைத் தாமே வரைந்து, மயிலை ஆயர் வழியாகப் பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகருக்கு அனுப்பி, அவ்வண்ணமே சுரூபங்கள் செய்வித்தார் என்பது மரபு. ஒன்று கோணான்குப்பத்தில் பெரியநாயகியாகவும், மற்றொன்று கொள்ளிடக் கரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவாகவும் வணங்கப்படுகின்றன. பெரியநாயகி என்னும் பெயரும் இவ்வட்டார மக்களின் நாவில் முன்பே பழகிய பெயர். விருத்தாசலத்துச் சிவன் கோவில் அம்மனுக்கும் அதுவே பெயர். 3615 பாக்களால் தேம்பாவணி பாடி, சூசையப்பரை 'வளன்' என்று தமிழாக்கிய முனிவர், அன்னையையும் தமிழ் மகளாக்கினார்.

மணிலா என்றதும் கடலுக்கு அப்பாலுள்ள மற்றொரு நாடும் நம் நினைவுக்கு வருகின்றது. 1565 முதல் 1815 வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய் வந்தன. அந்த மெக்சிக்கோவில், ஸ்பானியர் தலைநகரைக் கைப்பற்றிப் பத்தே ஆண்டுகள் சென்றபின், 1531 திசம்பரில், தெப்பேயாக் குன்றில் அன்னை யுவான் தியேகு என்னும் எளிய குடிமகனுக்குத் தோன்றினார். அவர் பேசியது வென்றவர்களின் மொழியன்று. தோற்ற மக்களின் நாவாட்டல் மொழி. யுவான் தியேகுவின் மேலாடையில் பதிந்த முகமும் மாநிறமானதே. அந்நாட்டின் சிற்றூர்களில் ஸ்பானியர் எழுப்பிய பெருங்கற் கோவில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குக் கல் சுமந்தவர்களும் சிற்பம் செதுக்கியவர்களும் அம்மண்ணின் மக்களே. ஆயினும் அம்மக்களின் உள்ளத்தை ஈர்த்தது கோவிலின் உயரமன்று; தங்கள் முகச் சாயலில் வந்த ஒரு தாயின் முகம். 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் யுவான் தியேகுவைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

கோணான்குப்பத்துக் கோவிலுக்குள் நாம் நுழைந்தபோது பெருங்கூட்டம். அம்மூதாட்டி பீடத்தை நிமிர்ந்து நோக்கினார். நெடுநேரம் அசையவில்லை. பின்பு திரும்பி நம்மைத் தேடி வந்து, "சாமி, வெளிநாட்டுலேருந்து வந்த பெரிய சாமியாரு, எங்கள மாதிரி மாதாவ செஞ்சி வெச்சாரு. நம்ம ஊருல பொறந்த நீங்க, ஏன் சாமி எடுத்துட்டீங்க?" என்றார். குரலில் சினம் இல்லை. உண்மையில் விடை அறிய விரும்பியே கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை, ஒவ்வொரு காலத்தின், ஒவ்வோர் இனத்தின் கலையையும் ஏற்றுக்கொண்டுள்ளது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் கூறியதை நாம் குருமடத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். தேர்விலும் எழுதினோம். வாழ்வில் அதனை எழுதத் தவறிவிட்டோம். அழகு என்பது வெண்மை என்றும், புதுமை என்றும், தொலைவிலிருந்து வருவது என்றும் நாமும் அறியாமலே நம்பியிருந்தோம். அன்று பீடத்தின்முன் முழந்தாளிட்டு, முதலில் மன்னிப்பையே வேண்டினோம்.

திரும்பும் வழியில், பனமலைச் சுவரிலுள்ள அவ்வோவியம் நினைவில் எழுந்தது. மனிதன் தான் மிக உயர்ந்ததாகக் கருதுவதைத் தான் மிக அறிந்த முகத்திலேயே வரைகிறான். அப்பல்லவர் காலத்து ஓவியன் தெய்வ அருளைத் தன் நாட்டுப் பெண்ணின் நிலையிலும் நோக்கிலும் கண்டான். நம் விசுவாசம் வேறு. ஆனால் இவ்வுண்மை நமக்கும் அந்நியமன்று. வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடுகிறோமே, அவர் பொதுவான ஒரு மனிதராக வரவில்லை. நாசரேத்தூரில், யூதத் தாய் ஒருத்தியின் மகனாக, அவ்வூர்ப் பேச்சைப் பேசி வளர்ந்தார்.

மறுவாரமே ஊர்க் கூட்டம் கூட்டினோம். அனைவரும் ஒருமனப்படவில்லை. "பையன் மனசு நோகுமே" என்று அவ்விளைஞரின் தாயார் கலங்கினார்; அது நியாயமே. நேர்ச்சைப் பொருளை அவமதித்தல் ஆகாது. நம் பிழையை ஒப்புக்கொண்டு அவ்விளைஞருக்கு நாமே கடிதம் எழுதினோம். நீண்ட நாள் பதில் வரவில்லை. பின்னர் ஒருநாள் தம் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, "சின்ன வயசுல நானும் அந்த மாதாகிட்டதாம்மா வேண்டிக்கிட்டேன்" என்று கூறினாராம். ஊரார் சேர்ந்து கோவில் முற்றத்தில் கெபி ஒன்று கட்டி, அவர் அளித்த சுரூபத்தை அதில் சிறப்புடன் வைத்தார்கள்.

பழைய சுரூபம் மீண்டும் பீடமேறியது. புதுவண்ணம் பூசலாம் என்றார் உபதேசியார், வேண்டாம் என்றோம். அந்த ஞாயிறன்று மூதாட்டி கோவிலுக்குள் வந்து, முன்வரிசையில் தரையில் அமர்ந்தார். பீடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "மொகத்த தொடைச்சீங்களா சாமி? தூசி போயிடுச்சி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, செபமாலையை எடுத்துக்கொண்டார்.

அன்பார்ந்த குடும்பத்தவரே, உங்கள் இல்லங்களிலும் பழைய படம் ஒன்று, பாட்டனார் வாங்கிய பாடுபட்ட சுரூபம் ஒன்று, பரணில் கிடக்கலாம். அதன்முன் கண்ணீர் விட்டுச் செபித்தவர்கள் யார் என்று, இல்லத்து முதியோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேளாமல் அகற்றிவிடாதீர்கள். நாம் கேளாமல் செய்த பிழையை எளிய மூதாட்டி ஒருவர் வாயிலாகத் திருத்திய பெரியநாயகி அன்னை, உங்கள் இல்லங்களையும் காத்தருள்வாராக.