இடம் மாறிய இரண்டு எண்கள்

2016. பத்து பஹாட்டில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் கட்டணத்துக்கு அப்பா 300 ரிங்கிட் அனுப்பவேண்டும். ரெம்பாவ் பக்கம் எங்கள் தோட்டத்தில் போன் விட்டுவிட்டுத்தான் கேட்கும். நான் கணக்கு எண்ணைச் சொல்லச் சொல்ல, அப்பா ஒரு அட்டைத்துண்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் பால்மரம் வெட்டி முடித்து, பேங்குக்குப் போய் பாரம் நிரப்பினார்.

பணம் வரவில்லை. நான் சொன்ன 57, பாரத்தில் 75 ஆகியிருந்தது. அந்த எண்ணுக்கும் யாரோ ஒருவர் சொந்தக்காரர்.

இரண்டு மாதம் பஸ் ஏறி அலைந்தார். "நம்பர் சரியா எழுதணும் அங்கிள்" என்றார்களாம். பணம் திரும்பவில்லை. "என் கண்ணுதான்டா சரியில்ல" என்று முடித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போனில் கோபப்படவும் செய்தேன்.

போன வருடம் வேலையில் ஐபான் எண்களைச் சரிபார்க்கும் நிரலை எழுதச் சொன்னார்கள். ஐபான், ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண். மலேசியாவில் கிடையாது. நார்வேயில் 15 எழுத்து, ஜெர்மனியில் 22. முதலில் நாட்டின் இரண்டு எழுத்து, அடுத்து இரண்டு சோதனை இலக்கம், பிறகு கணக்கு விவரம்.

சரிபார்ப்பது எளிது. முதல் நான்கையும் கடைசிக்குக் கொண்டுபோகவேண்டும். ஏ என்றால் 10, இசட் என்றால் 35 என எழுத்துகளை எண்ணாக்கவேண்டும். மொத்தத்தையும் 97ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் மீதி 1 வராது.

சோதித்துப் பார்க்க ஒரு எண்ணில் 57ஐ 75 ஆக்கினேன். தவறு என்று உடனே சொன்னது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் கை தடுமாறும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் என் நிரலே ஒரு தப்பு செய்தது. படிக்க வசதியாக ஐபானை நான்கு நான்காகப் பிரித்து அச்சிடுவார்கள். அப்படியே ஒட்டினால் என் நிரல் "தவறான எண்" என்றது. இடைவெளியை நிரலே நீக்கும்படி திருத்தினேன். வாசகத்தையும் "எண்ணை இன்னொரு முறை பாருங்கள்" என்று மாற்றினேன்.

மீதி 1 வந்தாலும் அந்தக் கணக்கு யாருடையது என்று தெரியாது. அதற்குப் பெயர் வேண்டும். இன்று டூய்ட்நவில் அனுப்பினால் பெறுபவர் பெயர் முதலில் திரையில் வருகிறது. அப்பாவின் பாரத்துக்கு இரண்டுமே இல்லை.

தீபாவளிக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப படிச்சவங்களும் மாத்தி எழுதுவாங்களா?"

"எழுதுவாங்கப்பா. அதுக்குத்தான் இது."