கோப்பில் ஏறிய தோல்விகள்

விண்வெளி என்றவுடன் நம்மவர் பலருக்கும் நினைவில் எழுவது நெருப்பைக் கக்கி மேலேறும் ராக்கெட்டும், கைதட்டி மகிழும் விஞ்ஞானிகளுமே. மத்திய அரசில் எழுத்தராக இருபது ஆண்டுகளுக்கு மேல் மேசையருகே அமர்ந்துவிட்ட நமக்கோ, அக்காட்சிக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருக்கும் கோப்புகள்தாம் கண்ணில் படுகின்றன. தொழிற்புத்தி என்று நண்பர்கள் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். 1969 ஆகஸ்ட் 15 அன்று தோன்றிய இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் ஓர் அரசு அமைப்பே. அங்கும் ஒப்பந்தப்புள்ளி உண்டு, தணிக்கை உண்டு, மேலதிகாரியின் ஒப்பத்துக்காகக் காத்திருத்தலும் உண்டு.

தொடக்கம் எளியது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து பறந்தது அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி ராக்கெட். மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த மரிய மக்தலேனாள் தேவாலயமே அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் கூம்பைச் சைக்கிளில் கொண்டு செல்லும் புகைப்படத்தைப் பாராதவர் நம்மில் யார்? விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்தபோது, சொந்தமாக ஒரு செயற்கைக்கோளை ஏவும் ஆற்றல் நமக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர் முன் சென்று அமர்ந்தவரோ நிறுவனத் தலைவர் சதீஷ் தவன். மறு ஆண்டு ஜூலை 18 அன்று ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தபோது, கலாமையே முன்னிறுத்திப் பேசவைத்தார் தவன். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டுப் புளித்த கதை என்பாரும் உண்டு. நமக்குப் புளிக்கவில்லை. ஆனால் அக்கதையில் நமக்குப் பிடித்த பகுதி வேறு. விழுந்ததற்குக் காரணம் யார் என்று தேடாமல், எது என்று தேடினார்கள். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு. அதன் வழியே நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது.

நம் அலுவலகங்களின் வழக்கம் வேறு. தவறு நேர்ந்தால் முதலில் பிறப்பது விளக்கம் கோரும் குறிப்பாணை. நாம் பணியிலிருந்த ஓரிடத்தில் ஓய்வூதியர் ஒருவரின் கோப்பு காணாமற்போயிற்று. யார் தொலைத்தது என்று இரண்டு மாதம் விசாரணை நடந்தது. எப்படித் தொலைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் தலையில் பழியைக் கட்டியாயிற்று; கோப்பு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பு தொலைந்தது.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்முனை அருகே இறங்கியபோது, பள்ளியில் படிக்கும் நம் வீட்டுப் பெண் கேட்டாள்: "அப்பா, அவங்களும் கவர்மென்ட் ஆபீஸ்தானே? உங்க ஆபீஸ் மட்டும் ஏன் அப்படி இல்லை?" வீட்டார் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. புனேயில் பிறந்து, மராத்தியில் விளையாடி, தமிழை வீட்டுக்குள் மட்டும் பேசும் பிள்ளை, தகப்பன் தொழிலை எடைபோடத் தொடங்கிவிட்டாள்.

விடையாக அவளுக்குச் சந்திரயான்-2ஐ எடுத்துச் சொன்னோம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் தரையிறங்கும்போது அதன் தொடர்பு அறுந்ததும், தலைவர் சிவன் கண் கலங்கியதும் நாடறிந்தவை. அதன் பின் நடந்ததே முக்கியம். வெற்றிக்கு என்ன வேண்டும் என்று கேட்பதை விட்டு, எவையெல்லாம் பழுதாகலாம் என்று கேட்டுப் புதிய கலத்தை வடிவமைத்தார்கள். இறங்குமிடம் முன்பு அரைக் கிலோமீட்டர் சதுரம். இப்போது நாலு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். கால்களுக்கு வலுவூட்டினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். பழைய தோல்வியின் கோப்பே புதிய கலத்தின் வரைபடம் ஆயிற்று.

இவற்றையெல்லாம் தூரத்துச் செய்தியாகப் புனேவாசிகள் (நம் பெரியவர்களுக்கு இன்னும் பூனாதான்) கருதவேண்டியதில்லை. சந்திரயானைச் சுமந்த ராக்கெட்டின் பக்கவாட்டு உந்துகலங்களுக்கு உறை செய்தளித்த வால்சந்த்நகர், கரும்பாலையால் வளர்ந்த நம் மாவட்டத்துச் சிற்றூர். விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவும், 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கித் திரும்பிய சுபான்ஷு சுக்லாவும் கடக்வாஸ்லா பாதுகாப்புக் கல்விக்கூடத்தின் மாணவர்கள். 2023 செப்டம்பரில் சூரியனை நோக்கிப் புறப்பட்ட ஆதித்யா-எல்1இன் புற ஊதாத் தொலைநோக்கி, புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வானியல் மையத்தின் முயற்சியால் உருவானது. அக்கலத்தின் திட்ட இயக்குநரோ செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. நம் இரண்டு ஊர்களும் ஒரே கலத்தில் ஏறின என்று சொல்லிக்கொள்வதில் நமக்குச் சற்றுப் பெருமைதான்.

இனி வருவன பெரியவை. ககன்யான், 2035இல் சொந்த விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்று இலக்குகள் வகுத்துள்ளனர். ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2025 மே 18 அன்று நம்பிக்கைக்குரிய பி.எஸ்.எல்.வி. மூன்றாம் அடுக்கில் தவறியது. 2026 ஜனவரி 12 அன்று மறுபடியும் அதே மூன்றாம் அடுக்கில். அதே அலமாரி! மனிதரை ஏற்றப்போகும் நிறுவனம் இத்தகைய தோல்விகளின் ஆய்வறிக்கையை, மறைக்கவேண்டியதை மறைத்தேனும், மக்கள் முன் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. 2021இல் ஜி.எஸ்.எல்.வி. வீழ்ந்தபோது அப்படித்தான் வைத்தார்கள். அதுவும் ஒரு வால்வுக் கசிவுதான் என்று நம் போன்ற குமாஸ்தாவும் அறிந்துகொள்ள முடிந்தது.

இரண்டாவது ஏவுதளம் குலசேகரன்பட்டினத்தில் எழுகிறது; 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். சிறு ராக்கெட்டுக்கு அவ்வளைவிலேயே எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே போகலாம். முத்தாரம்மன் தசராவுக்கு ஆண்டுதோறும் புனேயிலிருந்து வண்டி ஏறும் குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. ஏவுதளத்துக்கு நிலம் கொடுத்த வீட்டார் ஒருவர், இழப்பீட்டுத் தாள்களை நம்மிடம் கொண்டுவந்தார். ஒரு ஞாயிறு முழுவதும் உடனமர்ந்து சர்வே எண், பரப்பு, கிணறு, மரங்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு பனைகூட விடுபடவில்லை.